160 மீட்டரில் வாயைவிடக் காது முக்கியம்

ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்குக்காக நடத்தும் அமெச்சூர் வானொலி, அதற்கான உரிமம் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் 40 மீட்டர் அலைநீளத்திலோ 20 மீட்டரிலோதான் பேச ஆரம்பிப்பார்கள். நல்ல ஆரம்பம்தான். ஒரு கம்பியை இழுத்துக் கட்டி 100 வாட் கொடுத்தால் பகலிலேயே யாராவது பதில் சொல்வார்கள். அதே பழக்கத்தில் ஒரு மத்தியான வேளையில் ரிசீவரை 1.8 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 160 மீட்டர் பேண்டுக்கு (அலைவரிசைத் துண்டுக்கு), திருப்பினால் வெறும் இரைச்சல். இந்த பேண்டில் உயிரே இல்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். விசாரித்தால், அதற்கெல்லாம் கிலோவாட் ஆம்ப்ளிஃபையர் வேண்டும், 40 மீட்டர் உயரத்தில் கோபுரம் வேண்டும், ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும் என்று யாராவது பயமுறுத்தியும் வைப்பார்கள்.

இந்தப் பேச்சில் எனக்குப் பாதி உடன்பாடுதான். கோபுரமும் நிலமும் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கீழ் பேண்டுகளில் தொடர்பு கைநழுவுவதைப் பார்த்தவரையில், பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்காரருக்கு நாம் கேட்டிருப்போம்; அவர் சொன்ன பதில்தான் நம் வீட்டு இரைச்சலுக்குள் புதைந்துபோயிருக்கும். ஆம்ப்ளிஃபையர் இதைச் சரிசெய்யாது.

கீழ் பேண்ட் என்று ஹாம்கள் பொதுவாகச் சொல்வது 160, 80, 40 மீட்டர்களை. 40 மீட்டர் பகலில் ஒரு முகமும் இரவில் ஒரு முகமும் காட்டும், அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். இன்னும் கீழே போனால் இரண்டு சின்னத் துண்டுகள் உண்டு. 2007ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு அமெச்சூர்களுக்கு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியது. 2012 மாநாடு 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை. முன்னதை 2200 மீட்டர் என்றும் பின்னதை 630 மீட்டர் என்றும் சொல்வார்கள். எல்லா நாடுகளும் உள்ளூர் விதிகளில் இவற்றைத் திறந்துவிடவில்லை. அனுப்புமுன் உங்கள் உரிமத்தைப் படித்துவிடுங்கள். கேட்பதற்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

பகலில் ஏன் ஒன்றும் கேட்பதில்லை என்பதை முதலில் அனுபவித்தவர் மார்க்கோனி. 1902 பிப்ரவரியில் 'பிலடெல்பியா' என்ற கப்பலில் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டே, இங்கிலாந்தின் போல்டு நிலையம் அனுப்பியதை வழிநெடுகக் கேட்டுக் குறித்துவைத்தார். பகலில் ஏறக்குறைய 700 மைலோடு சிக்னல் மறைந்தது. இரவிலோ முழுச் செய்திகள் 1,551 மைல் வரையும், மோர்ஸ் எழுத்து 'எஸ்' 2,099 மைல் வரையும் கிடைத்தன. சூரிய வெளிச்சம் அனுப்பும் ஆண்டெனாவைத்தான் ஏதோ செய்கிறது என்று அவர் அப்போது ஊகித்தார். வானத்தின் உயரத்தில் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் என்று ஒன்று இருக்கலாம் என்பதை அதே ஆண்டில்தான் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். அதற்கு நேரடி ஆதாரம் தர 1924இல் ஆப்பிள்டன் வரவேண்டியிருந்தது. இந்தப் பின்னணியோடு யோசித்தால், முந்தைய டிசம்பரில் நடுப்பகலில் அட்லாண்டிக்கைத் தாண்டி அதே 'எஸ்' தனக்குக் கேட்டதாக மார்க்கோனி சொன்னதைக் கீழ் பேண்டில் புழங்குகிறவர்கள் ஏன் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பது புரியும்.

குற்றவாளி அயனி மண்டலத்தின் அடியில் இருக்கும் டி அடுக்கு. தரையிலிருந்து ஏறக்குறைய 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் மட்டும் இருப்பது. அலை அதற்குள் நுழைந்ததும் அங்குள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. அந்த உயரத்தில் காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியாக இருப்பதால், ஆடும் எலக்ட்ரான்கள் மூலக்கூறுகளின் மேல் மோதி, வாங்கிய ஆற்றலைச் சூடாக இறைத்துவிடுகின்றன. அதிர்வெண் குறையக் குறைய இந்த இழப்பு ஏறும். தோராயமாக அதிர்வெண்ணின் இருமடிக்குத் தலைகீழாக. 7 மெகாஹெர்ட்ஸில் 2 டெசிபல் போகும் இடத்தில் 1.8இல் 30 டெசிபல் போகும். 30 டெசிபல் என்றால் 100 வாட் 0.1 வாட்டாகிறது என்று அர்த்தம். இதை எந்த ஆம்ப்ளிஃபையரும் ஈடுகட்டாது. சூரியன் இறங்கியதும் டி அடுக்கின் எலக்ட்ரான்கள் சீக்கிரமே அயனிகளோடும் மூலக்கூறுகளோடும் சேர்ந்து காணாமல் போகின்றன; அலையைத் திருப்பி அனுப்பும், மேலே உள்ள ஈ, எஃப் அடுக்குகளுக்கு வழி திறக்கிறது.

137 கிலோஹெர்ட்ஸ் இந்தக் கணக்குக்குள் வராது. அவ்வளவு நீண்ட அலைக்கு டி அடுக்கின் அடிப்பரப்பே கண்ணாடி மாதிரி. பகலிலும் தரைக்கும் அதற்கும் நடுவே அலை ஓரளவு நகரும், இரவில் அந்தக் கண்ணாடி 90 கிலோமீட்டர் பக்கம் ஏறிக்கொள்ளும். அதனால்தான் அங்கே பகல் இரவு வித்தியாசம் 160 மீட்டர் அளவுக்குக் கொடூரமாக இருப்பதில்லை.

160 மீட்டரில் எல்லாரும் காத்திருப்பது விடியலுக்கும் அந்திக்கும். பாதையின் கிழக்கு முனையில் இருப்பவருக்குச் சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டி, இரவெல்லாம் முனகிக்கொண்டிருந்த சிக்னல் சில நிமிடங்களுக்குக் கிடுகிடுவென ஏறும். அப்புறம் குழாயை மூடியது போல நிற்கும். மேற்கு முனைக்காரருக்கு அந்தியில் இதே கதை. பகலும் இரவும் சந்திக்கும் சாம்பல் கோட்டை ஒட்டியே அலை ஓடுகிறது என்று பல கையேடுகள் எழுதுகின்றன. 80 மீட்டரைப் பற்றிப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். 160இல் அந்த விளக்கம் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. அந்தக் கோட்டின் மேலேயே பாதை நெடுக டி அடுக்கின் இழப்பு காத்திருக்கிறதே. இரவுப் பக்கத்தின் வழியாகவே அலை வந்து, முனையில் அடுக்குகள் சாய்ந்திருப்பதால் நமக்கு வசதியான கோணத்தில் இறங்குகிறது என்பதும், ஈ அடுக்குக்கும் எஃப் அடுக்குக்கும் இடையே உள்ள பள்ளத்தில் மாட்டி வெகுதூரம் தரையைத் தொடாமலே வருகிறது என்பதும்தான் எனக்கு நம்பும்படி இருக்கின்றன. இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

இன்னொரு வேடிக்கை காந்தப்புலம். பூமியின் காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் தாமாகச் சுழலும் அதிர்வெண், இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 0.7 முதல் 1.7 மெகாஹெர்ட்ஸ் வரை. 160 மீட்டர் அதன் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது. அயனி மண்டலத்துக்குள் நுழையும் அலை இரண்டாகப் பிரியும். அதில் ஒன்று இந்தச் சுழற்சிக்கு இரையாகி வழியிலேயே தீர்ந்துபோகும். பிழைக்கிற மற்ற பாதிக்கு நம் ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு போகிறது என்பது அலை எந்த வாக்கில் அதிர்கிறது, எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்தது. செங்குத்துக் கம்பியே உத்தமம் என்று கையேடுகள் சொல்வது பெரும்பாலும் காந்த நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருப்பவர்களின் அனுபவம். நடுக்கோட்டுக்கு அருகில், கிழக்கு மேற்காகப் போகும் பாதையில், கிடைமட்டமாக அதிரும் அலைதான் பிழைக்கும் பாதியோடு சேரும். அந்த அட்சரேகைகளில் இருப்பவர்கள் கையேட்டை அப்படியே நம்பாமல் இரண்டையும் கட்டிப் பார்ப்பது நல்லது.

சரி, இரவு வந்துவிட்டது, வழி திறந்துவிட்டது. இப்போது உலகம் முழுக்க அடிக்கும் மின்னலும் அதே வழியாக வந்து சேரும். செயற்கைக்கோள் கணக்கின்படி பூமியில் வினாடிக்கு சராசரியாக 44 மின்னல்கள் வெட்டுகின்றன. அவற்றின் ரேடியோ ஆற்றல் கீழே போகப் போகக் கூடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெய்யும் இடிமழைகூட ஹெட்ஃபோனில் பட்டாணி வறுக்கும். வடக்கில் குளிர்காலமும் தெற்கில் அங்குள்ள குளிர்காலமும் 160 மீட்டரின் பருவமாக இருப்பதற்கு நீண்ட இரவு ஒரு காரணம், மின்னல் குறைவது இன்னொரு காரணம். இரண்டு அரைக்கோளங்களுக்கும் இடையே பேச மார்ச், செப்டம்பர் வாக்கில் நல்ல சந்தர்ப்பம் கிடைக்கும்.

மின்னலோடு வாழ ரிசீவரைக் கொஞ்சம் வேறு விதமாகப் பிடிக்க வேண்டும். ஆண்டெனாவைப் பிடுங்கினால் இரைச்சல் சட்டென்று விழுகிறதா? விழுந்தால் ரிசீவருக்குத் தேவைக்கு மேலேயே கிடைத்துக்கொண்டிருக்கிறது. சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்ளிஃபையர் வேண்டாம், அதைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரைப் போடுங்கள். ஆர்எஃப் கெயினை (ரேடியோ சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்து ஆடியோவை ஏற்றுங்கள். அடுத்தது ஃபில்டர். பலர் மோர்ஸ் கேட்க 200 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் என்று இறுக்கிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு மின்னல் வெடிப்பும் அந்த இறுக்கமான ஃபில்டரை மணி மாதிரி அடித்து, மோர்ஸ் புள்ளி போன்ற ஒலியையே எழுப்பும். 400, 500 ஹெர்ட்ஸில் விட்டால் வெடிப்பு வெடிப்பாகவே கேட்கும், நடுவே இருக்கும் எழுத்தை மூளை பிரித்துக்கொள்ளும். ஒரு கால்சைனில் (நிலையத்தின் அடையாளப் பெயரில்) முதல் முறை இரண்டாவது எழுத்து போயிருக்கும், அடுத்த முறை கடைசி எழுத்து. நாலைந்து முறை திரும்பத் திரும்பக் கேட்டு ஒட்டுப்போட்டு முழுசாக்குவதில்தான் இந்த பேண்டின் ருசி இருக்கிறது.

மின்னலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பருவம் மாறினால் போய்விடும். வீட்டுக்குள் உற்பத்தியாகும் இரைச்சலுக்குப் பருவம் கிடையாது. ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ரிசீவரில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் 8இலிருந்து 3க்கு இறங்கினால் அயலாரைத் திட்டவேண்டியதில்லை. குற்றவாளி கூடவே குடியிருக்கிறான். அப்புறம் ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுப் பார்க்க வேண்டும். என் வீட்டில் அகப்பட்டது ரவுட்டரின் பவர் அடாப்டர். இந்த மாதிரி ஸ்விட்சிங் சப்ளைகளை வாட்டர்ஃபாலில் (அதிர்வெண்களை நேரப்படி வரைந்து காட்டும் திரையில்) பார்த்தாலே அடையாளம் தெரியும்: ஐம்பது அறுபது கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை கலங்கலாக ஒரு மேடு. சாதனம் சூடாக ஆக, அல்லது அதன் வேலை கூடிக் குறைய, அந்த மேடுகள் எல்லாம் சேர்ந்து மெதுவாக இடம் பெயரும். நேர்கோடாக நிற்கும் எதையும் விட இப்படி அலைந்து திரிவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். வயரில் ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் காந்தப் பொருள்) மாட்டினால் அடங்கும். ஆனால் வயரின் மேல் ஒரே ஒரு கிளிப் மணியைக் கவ்வவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று அலுத்துக்கொள்பவர்கள் அதிகம். 1.8 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றால் பயனில்லை. 31 வகை ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றாவது சுற்ற வேண்டும்.

அனுப்ப ஒரு ஆண்டெனா, கேட்க வேறொரு ஆண்டெனா என்ற யோசனை 40 மீட்டரிலேயே பழகியவர்களுக்கு விசித்திரமாகப் படும். 1921 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் பால் காட்லி செய்தது அதுதான். அமெரிக்க அமெச்சூர்கள் ஏறக்குறைய 200 மீட்டர் அலைநீளத்தில் அனுப்புவது ஐரோப்பாவில் கேட்கிறதா என்று பார்ப்பதற்காக அமெரிக்க ரேடியோ ரிலே லீக் அவரை அனுப்பிவைத்தது. அவர் கூடாரம் போட்டு, தரைக்குச் சற்று மேலே நீளமாக ஒரே கம்பியை இழுத்தார். அது ஹெரால்ட் பெவரேஜ் கண்டுபிடித்த ஆண்டெனா, அப்போது புத்தம் புதியது. கனெக்டிகட் மாநிலம் கிரீனிச்சிலிருந்து 1பிசிஜி என்ற அமெச்சூர் நிலையம் அனுப்பிய முழுச் செய்தியை அந்தக் கம்பியில் அவர் எடுத்தார். நூறாண்டு கழித்தும் 160 மீட்டரில் நல்ல காது வேண்டும் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெவரேஜ்தான். ஒன்று அல்லது இரண்டு அலைநீளம் கம்பி, ஆள் உயரம் அல்லது கொஞ்சம் மேலே, தூர முனையில் சில நூறு ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு இணைப்பு. சுமாரான மண்ணின் மேல் அலை லேசாக முன்பக்கம் சாய்ந்து நகர்வதால் அந்தக் கிடைக்கம்பி அதைப் பிடிக்கிறது. அனுப்புவதற்கு இது உதவாது, போடும் திறனில் பெரும்பகுதியைத் தரை தின்றுவிடும். வந்து சேரும் சிக்னலும் பலவீனமாகவே இருக்கும். ஆனால் இரைச்சல் அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கும். ஆண்டெனாவிலிருந்து நமக்கு வேண்டியது அந்த விகிதம் மட்டுமே.

300 மீட்டர் கம்பிக்கு இடமில்லாதவர்கள் ஒரு மீட்டர் விட்டமுள்ள லூப்போடு (வளைய ஆண்டெனாவோடு) சமாதானம் செய்துகொள்ளலாம். நானும் அந்தக் கட்சிதான். லூப்பைச் சிக்னலை நோக்கித் திருப்புவதில் பெரிய பலன் இல்லை. உச்சம் அகலமானது, இருபது டிகிரி அங்கே இங்கே போனாலும் தெரியாது. அதன் பலம் எதுவுமே கேட்காத செத்த திசையில் இருக்கிறது. கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால், ஒரு இடத்தில் பக்கத்து எல்இடி விளக்கின் ரீங்காரம் சடாரென்று அடிமட்டத்துக்கு இறங்கும். இரண்டு டிகிரி தாண்டினால் மறுபடி ஏறும். அந்தக் குறுகிய இடத்தில் லூப்பை நிறுத்திவிட்டால் அதுவரை இல்லாத மோர்ஸ் கேட்க ஆரம்பிக்கும். அருகிலிருந்து தரையோடு வரும் இரைச்சலுக்கு இது நன்றாக வேலை செய்யும். வானத்திலிருந்து பல கோணங்களில் இறங்கும் மின்னலிடம் அவ்வளவு பலிக்காது.

அனுப்பும் ஆண்டெனாவைப் பற்றி நீட்டி எழுத ஆசையில்லை. 1.83 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 41 மீட்டர். அவ்வளவு உயரம் யாரிடமும் இல்லை. முடிந்த மட்டும் மேலே ஏற்றி, மிச்சத்தைக் கிடையாக மடித்து, தரையில் ஆண்டெனாவின் அடியிலிருந்து நாலா பக்கமும் ஓடும் ரேடியல் கம்பிகளை முடிந்த மட்டும் பரப்புங்கள். நீளமான நாலு கம்பியைவிடக் குட்டையான முப்பது மேல்.

இதே கணக்கு 2200 மீட்டரில் சிரிப்பை வரவழைக்கும். அங்கே கால் அலை 547 மீட்டர். 15 மீட்டர் கம்பத்தை நிறுத்தி, உச்சியில் தாராளமாகக் கம்பிகளைப் பரப்பினாலும் அதன் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியேறும் திறனைக் குறிக்கும் தடை) ஏறக்குறைய 0.07 ஓம். மண்ணிலும் காயிலிலும் இழப்பு 70 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஊற்றும் ஆயிரம் பங்கில் ஒரு பங்குதான் வானத்துக்குப் போகும். சட்டம் அனுமதிப்பது, எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டு 1 வாட். அந்த 1 வாட்டை எட்ட 300 வாட்டுக்கு மேல் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஆண்டெனாவின் மின் கொள்ளளவு 300 பைக்கோஃபாரட் என்றால் அதை ஈடுகட்ட சுமார் 4.5 மில்லிஹென்றி காயில் சுற்ற வேண்டும். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் சுற்றுவார்கள், உள்ளே இன்னொரு சின்னக் காயில் சுழலும், அதைத் திருப்பித்தான் டியூன் செய்வது. கம்பியில் ஓடுவது 2 ஆம்பியர், ஆனால் கம்பிக்கும் தரைக்கும் நடுவே 8,000 வோல்ட். மழை பெய்தால் டியூனிங் நகர்ந்துவிடும். கம்பி முனை கூராக இருந்தால் இருட்டில் ஊதா நிறத்தில் ஒளிரும், உஸ்ஸென்று சத்தமும் வரும். அதைத் தொட நினைக்காதீர்கள், குழந்தைகளையும் நாயையும் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு 1 வாட் அனுப்புகிறவரின் குரல் யாருக்கு எட்டும்? மெதுவாகப் பேசினால் எட்டும். ஒரு மோர்ஸ் புள்ளிக்கு 3 வினாடி, 30 வினாடி, ஏன் 60 வினாடிகூட எடுத்துக்கொள்ளும் முறை உண்டு. காதால் கேட்க முடியாது, திரையில் வாட்டர்ஃபாலில் கோடு கோடாக எழுதப்படுவதைப் பார்க்க வேண்டும். நேரத்தை நீட்டினால் பட்டை அகலத்தைச் சுருக்கலாம், சுருக்கினால் இரைச்சலும் சுருங்கும். இதையே கணினிக்குக் கொடுத்தது 2008இல் வந்த விஸ்பர் (WSPR) என்ற மென்பொருள். எழுதியவர் ஜோ டெய்லர். பல்சர் ஆய்வுக்காக 1993இல் இயற்பியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர், ஹாமும்கூட. கால்சைன், இருப்பிடக் கட்டம், திறன் அளவு, இவ்வளவுதான் செய்தி. அதை அனுப்ப இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 2,500 ஹெர்ட்ஸ் அகல இரைச்சலோடு ஒப்பிட்டால் 28 டெசிபல் கீழே கிடக்கும் சிக்னலையும் அது படித்துவிடும். அதற்குப் பின் வந்த எஃப்எஸ்டி4டபிள்யூ என்ற முறை அரை மணி நேரம் வரை இழுத்து இன்னும் கீழே போகிறது.

கணினிகள் பேசிக்கொள்கின்றன, இதில் மனிதனுக்கு என்ன வேலை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. 160 மீட்டரில் மோர்ஸைக் காதால் எடுக்கும் சுகத்தை விஸ்பர் தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தரும் ஒன்றை வேறு எதுவும் தருவதில்லை: கறாரான கணக்கு. இரவு முழுக்க நீங்கள் அனுப்பியது எங்கெங்கே எவ்வளவு பலத்தில் கேட்டது, நீங்கள் யார் யாரைக் கேட்டீர்கள் என்று இரண்டும் பொதுத் தளத்தில் பதிவாகின்றன. பூமியின் காந்தப்புலம் கலங்கினால் வடக்குப் பாதைகள் எப்படி அடைபடுகின்றன என்பதையும், சூரியப் புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் 160 மீட்டர் எப்படி மூச்சு விடுகிறது என்பதையும் அந்தப் பதிவுகளிலேயே பார்க்கலாம்.

ஹாம்கள் 'முதலை' என்று ஒரு வகை நிலையத்தைக் கிண்டல் செய்வார்கள்: வாய் பெரிது, காது இல்லை. உலகமெல்லாம் கூப்பிடும், பதில் சொல்கிறவர்கள் அங்கே வரிசையில் நின்று தொண்டை வறண்டு போவார்கள். நாம் அந்த ஜாதியா என்று தெரிந்துகொள்ள விஸ்பர் பதிவு போதும். ஒரே இரவில், ஒரே எதிர் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவருக்குக் கேட்ட அளவையும் அவர் உங்களுக்குக் கேட்ட அளவையும், இருவரும் அனுப்பிய திறனைச் சரிக்கட்டி, பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அவருக்கு நீங்கள் 15 டெசிபல் நன்றாகக் கேட்டிருந்தால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி உங்கள் இரைச்சல். பல நிலையங்களோடு இப்படிப் பார்த்தும் அதே எண் வந்தால், ஆம்ப்ளிஃபையருக்குச் சேர்த்துவைத்த பணத்தில் ஃபெரைட் வளையங்களும் லூப்புக்குக் கம்பியும் வாங்குங்கள். மிச்சமும் நிறைய இருக்கும்.